பத்துச் சுற்றுக்குப் பதின்மூன்று

மரக்காணம் உப்பளத்தில் மோட்டார் பார்த்துக்கொண்டிருந்த ஒருவருக்கு வலது கையில் மூன்று விரல்கள் போயின. நான் சுற்றிக் கொடுத்த காயில்தான், அந்தச் செம்புக் கம்பிச் சுருள்தான் அதற்குக் காரணம். ஊரில் வேறு காரணம் சொன்னார்கள். அது பொய் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும் பத்து மாதம் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

எனக்கு எழுபத்திரண்டு வயது. இயற்பியலில் முதுகலை படித்து, தொலைபேசி இலாகாவில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். உப்பளத்தை ஒட்டி வீடு கட்டிக்கொண்டு வந்ததிலிருந்து ஊராருக்கு நான் ‘டெலிபோன் சார்’. ரேடியோ, ஆம்ப்ளிஃபயர், சின்ன டிரான்ஸ்ஃபார்மர் என்று வீட்டில் எதையாவது செய்துகொண்டே இருப்பேன். எல்லாவற்றுக்கும் காயில் வேண்டும். தலைமுடி கனத்தில் இருக்கும் செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கில் சுற்ற வேண்டும். கையால் சுற்றும்போது எண்ணூற்று நாற்பதில் யாராவது வாசலில் நின்று கூப்பிட்டால் போயிற்று, எண்ணிக்கை மறந்துவிடும். பிரித்து மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும்.

அதற்காகத்தான் அந்த இயந்திரத்தைச் செய்தேன். பழைய பிரிண்டரிலிருந்து கழற்றிய இரும்புத் தண்டு, இரண்டு பேரிங், ஒரு மாம்பலகை, தையல் மெஷினின் கைப்பிடி. கம்பி தொய்யாமல் வர, இரண்டு கம்பளித் துண்டுகளுக்கு நடுவே அதை இழுத்துவிட்டேன். எண்ணுவதற்கு ஒரு சாதாரண கால்குலேட்டர். பூஜ்யம் கூட்டல் ஒன்று என்று தட்டிவிட்டு, சமக்குறியை அழுத்த அழுத்த ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே போகும் அல்லவா? அந்தச் சமக்குறிக்குக் கீழே இரண்டு ஒயரைப் பற்றவைத்து, காந்தம் அருகில் வந்தால் மூடிக்கொள்ளும் ஒரு கண்ணாடிச் சுவிட்சோடு இணைத்தேன். தண்டில் ஒரு காந்தத்தை ஒட்டினேன். தண்டு ஒரு முறை சுற்றினால் எண் ஒன்று கூடும். வீட்டுக்கு வருகிறவர்களை எல்லாம் உட்கார வைத்துச் சுற்றிக் காட்டினேன். ஆரோவில்லில் வேலை செய்யும் ஒருவர் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார். அந்தப் பெருமையில் பல நாள் மிதந்தேன்.

பங்குனி மாதம், உப்பு நன்றாக விளையும் நேரம். பக்கத்து உப்பளக்காரர் கையில் ஒரு கரிந்த காயிலோடு வந்தார். அவருடைய மோட்டார் ஸ்டார்ட்டரில் இருந்தது. பச்சைப் பொத்தானை அழுத்தினால் இந்தக் காயில் காந்தமாகி ஓர் இரும்புத் துண்டை மேலே இழுத்துப் பிடிக்கும், மோட்டார் ஓடும். கரண்ட் போனால் காந்தம் போய்விடும், இரும்புத் துண்டு கீழே விழும். பிறகு கரண்ட் வந்தாலும், யாராவது மறுபடி பொத்தானை அழுத்தினால் ஒழிய மோட்டார் ஓடாது. மோட்டார் பக்கத்தில் நிற்கிற மனிதனின் உயிருக்கு அந்தச் சின்னக் காயில்தான் காவல்.

“திண்டிவனம் போனா புதுசு கெடைக்கும். ஆனா அரை நாளு போயிடும் சார். பாத்தியில தண்ணி சுண்டிக்கினு இருக்குது” என்றார்.

“எதுக்கு அலையறீங்க? நாளைக்குக் காலையில நான் தரேன்” என்றேன்.

அவர் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன்.

பழைய காயிலில் கம்பியைத் தாங்குவதும் இரும்புத் துண்டு ஏறி இறங்குவதும் ஒரு கூட்டில்தான், அது கருகிப் பொடிந்திருந்தது. புதிய கூடு செய்ய, சூடு தாங்கும் தகடு என்னிடம் தீர்ந்துபோயிருந்தது. குளியலறைக் கதவு போட்டபோது மிஞ்சிய பிவிசி துண்டை வெட்டிக் கூடு செய்தேன். பிவிசி சூட்டில் இளகும் என்பது எனக்குத் தெரியும். காயில் சரியாக இருந்தால் அந்த அளவுக்குச் சூடாகாது என்று நினைத்தேன். பழைய கம்பியின் எடையை வைத்து எத்தனை சுற்று என்று கணக்குப் போட்டேன். இயந்திரத்தில் மாட்டி, கால்குலேட்டரைப் பார்த்தபடி சுற்றினேன். எண் வந்ததும் நிறுத்தினேன்.

நிறுத்தியபோது கம்பி உருளையில் எதிர்பார்த்ததைவிட அதிகம் கம்பி மிச்சம் இருந்தது. சமையலறைத் தராசில் காயிலை வைத்தேன். பழையதைவிடக் குறைவு. கொஞ்சம் இல்லை, நன்றாகவே குறைவு. அந்தத் தராசின் முன் நின்றது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. பழையதில் வார்னிஷின் எடையும் சேர்ந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வார்னிஷ் அவ்வளவு எடை இருக்காது என்றும் எனக்குத் தெரியும். கைப்பிடியைப் பத்து முறை மெதுவாகச் சுற்றி எண்ணைப் பார்த்திருந்தால் எல்லாம் விளங்கியிருக்கும். ஒரு நிமிட வேலை. சந்தேகத்தைச் சோதித்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. சோதித்தால் இயந்திரம் தப்பு என்று ஆகிவிடும்.

மறுநாள் நானே போய் மாட்டினேன். மோட்டார் ஓடியது. பாத்திகளுக்குத் தண்ணீர் பாய்ந்தது. மோட்டார் பார்க்கிறவர் சிரித்துக்கொண்டே, “டெலிபோன் சார் இருக்கச்சே திண்டிவனம் எதுக்கு?” என்றார். ஐம்பது வயதுக்காரர். இருபது வருடமாக அந்தக் கொட்டகையில் மோட்டார் போட்டு நிறுத்துவதுதான் அவர் பிழைப்பு. அவர் மனைவி அதே உப்பளத்தில் உப்பு வாருகிறவர்.

மூன்றாம் நாள் அவர் என் வீட்டு வாசலுக்கு வந்தார்.

“சார், பெட்டி சுடுது. கை வெக்க முடியல. ஒரு மாதிரி வாசன வேற வருது.”

நான் செய்தித்தாளை மடிக்கக்கூட இல்லை. “புது வார்னிஷ் அப்படித்தாம்பா இருக்கும். ரெண்டு நாள்ல சரியாயிடும்” என்றேன்.

“நீங்க சொன்னா சரி சார்” என்று போய்விட்டார்.

ஐந்தாம் நாள் முற்பகல் கரண்ட் போனது. கொட்டகையில் மோட்டார் நின்றது. பெல்ட் நழுவியிருந்ததால், நின்ற நேரத்தில் அதை மாட்டிவிடலாம் என்று அவர் குனிந்திருக்கிறார். மெயின் சுவிட்சை இறக்கவில்லை. இந்தப் பக்கத்தில் யாரும் இறக்குவதில்லை. கரண்ட் போனால் ஸ்டார்ட்டர் விழுந்துவிடும் என்ற நம்பிக்கைதான். நான் வீட்டில் வியர்வையோடு உட்கார்ந்திருந்தேன். தலைக்குமேல் மின்விசிறி மெதுவாகச் சுற்றத் தொடங்கியது. அப்பாடா என்று சாய்ந்தேன். அதே நொடியில் அங்கே மோட்டாரும் தானாகச் சுற்றியிருக்கிறது. சத்தம் கேட்டு நான் எழுந்து போவதற்குள் கையைத் துணியால் சுற்றி அவரை வேனில் ஏற்றியிருந்தார்கள். வேன் பாண்டி பக்கம் போனது. எல்லோரும் அதன் பின்னால் ரோடுவரை ஓடினார்கள்.

கொட்டகையில் நான் மட்டும் நின்றேன். யாரோ மெயினை இறக்கியிருந்தார்கள். ஸ்டார்ட்டர் மூடியைத் திறந்தேன். இரும்புத் துண்டு கீழே விழவில்லை. பிவிசி கூடு இளகிக் குழைந்து அதைப் பல்லால் கவ்வியதுபோல் பிடித்துக்கொண்டிருந்தது. ஸ்குரூடிரைவரால் நெம்பினேன். டப்பென்று விழுந்தது. இரண்டு திருகுகளைக் கழற்றிக் காயிலை எடுத்து பேண்ட் பாக்கெட்டில் போட்டேன். தொடையில் சுட்டது. நான் ஏன் அதை எடுத்தேன் என்று அப்போது யோசிக்கவில்லை என்று எழுதினால் பொய். யோசித்துத்தான் எடுத்தேன்.

இந்த இடத்தில் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். கரண்ட் அடிக்கடி போகும் நாட்களில், ஒவ்வொரு முறையும் பாத்தி வரப்பில் நடந்து வந்து பொத்தானை அழுத்த அலுப்புப்பட்டு, சிலர் ஸ்டார்ட்டருக்குள் ஒரு குச்சியைச் செருகி இரும்புத் துண்டு விழாமல் முட்டுக் கொடுத்துவிடுவார்கள். கரண்ட் வந்தால் மோட்டார் தானாக ஓடும். ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் செய்வார்கள். மோட்டார்க்காரரும் முந்தின வருடம் செய்து, உப்பளக்காரரிடம் பிடிபட்டுத் திட்டு வாங்கியிருந்தார்.

உப்பளக்காரர் மூச்சிரைக்க உள்ளே வந்தார். திறந்த பெட்டியைப் பார்த்தார். “குச்சி வெச்சிருந்தானா சார்?”

நான், “காயில் எரிஞ்சிருக்கு” என்றேன்.

“அது எரியும். குச்சி?”

நான் ஸ்குரூடிரைவரைத் துடைத்தேன். அவர் குனிந்து தரையைப் பார்த்தார். பனை ஓலைக் கொட்டகை. தரையெல்லாம் கூரையிலிருந்து உதிர்ந்த ஈர்க்குகள்தான். அதில் ஒன்றை எடுத்து உயர்த்திப் பிடித்தார். “இதோ. போன வருசமே சொன்னேன் இவங்கிட்ட. கேட்டானா?”

திரும்பி வந்தவர்கள் வாசலில் நின்று அந்தக் குச்சியைப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அதுதான் நடந்த கதையாயிற்று.

ஆஸ்பத்திரியிலிருந்து அவர் திரும்பியபோது வேலை வேறொருவருக்குப் போயிருந்தது. “மோட்டாரோட வெளையாடறவன நம்பி எப்படி சார் கொட்டாய வுடறது?” என்று உப்பளக்காரர் என்னிடமே நியாயம் கேட்டார். டீக்கடையில் மோட்டார்க்காரருக்குக் ‘குச்சி’ என்று பெயர் விழுந்தது. “ஏம்பா குச்சி, கிளாஸ எந்தக் கையில புடிப்ப?” என்று ஒருவன் கேட்க, நாலு பேர் சிரித்ததை நான் பக்கத்துப் பெஞ்சில் இருந்து கேட்டேன். வீட்டிலும் அதே பேச்சுதான் என்று பிறகு தெரிந்தது. அவர் மனைவி வாரிய உப்பில் இருவரும் சாப்பிட்டார்கள். “நீயே வெச்ச குச்சி, நீயே படு” என்பதை அவர் தினமும் கேட்டார்.

ஆடி மாதம் ஒரு காலையில் என் வீட்டுக்கு வந்தார். நான் மேசைமுன் உட்கார்ந்திருந்தேன். எங்களுக்கு நடுவே இயந்திரம் இருந்தது. அன்றிலிருந்து நான் அதைத் தொடவில்லை.

“சார், அன்னிக்கு பெட்டியத் தொறந்து பாத்தவரு நீங்க ஒருத்தருதான். குச்சி இல்லன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லிடுங்க. வேல கெடைக்கலன்னாலும் பரவால்ல. வூட்ல சோறு எறங்கல சார்.”

“நான் பாக்கும்போது... எதுவும் தெளிவா இல்லப்பா.”

“போன வருசம் வெச்சேன். இல்லங்கல. இந்த வருசம் வெக்கல. எம்பொண்டாட்டி தலையில அடிச்சி சத்தியம் பண்ணேன், அவளே நம்பல.”

நான் கண்ணாடியைத் துடைத்தேன். அவர் எழுந்து போய்விட மாட்டாரா என்று காத்திருந்தேன். அவர் போகவில்லை. இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதுலதான சுத்தினீங்க?”

“ஆமா.”

இடது கையை நீட்டிக் கைப்பிடியைப் பிடித்தார். வலது கையைத் துண்டுக்குள் வைத்திருந்தார். மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தார். வேண்டாம் என்று வாய்வரை வந்தது. ஏன் வேண்டாம் என்று கேட்டால் என்ன சொல்வது? கால்குலேட்டரில் அன்றைக்கு நான் போட்ட கணக்கு அழிந்து, தானாக அணைந்திருந்தது. அவர் அதைத் தட்டிப் பார்க்க, நானே பூஜ்யம் கூட்டல் ஒன்று என்று போட்டுக் கொடுத்தேன். அவர் குழந்தைக்கு எண் சொல்லிக் கொடுப்பதுபோல் வாய்விட்டு எண்ணினார். ஒண்ணு, ரெண்டு, மூணு. பத்தில் நிறுத்திவிட்டு, சின்னத் திரையைக் குனிந்து பார்த்தார்.

“இன்னா சார் இது? பத்து சுத்து சுத்துனேன். பதிமூணு கூடியிருக்குது.”

காந்தம் மெதுவாகக் கடக்கும்போது அந்தச் சுவிட்ச் சில நேரம் ஒரு முறைக்கு இரண்டு முறை துடித்திருக்கிறது. கால்குலேட்டர் இரண்டு என்று எண்ணியிருக்கிறது. அதைத் தடுக்க ஒரு சின்னக் கெப்பாசிட்டர் போதும். என் மேசை இழுப்பறையில் ஒரு டப்பா நிறைய இருந்தது. காயிலில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு சுற்று குறைந்திருக்கிறது. அதனால் கரண்ட் அதிகம் இழுத்து, சூடாகி, கூடு இளகியது. இவ்வளவும் அவர் அந்த எண்ணைப் படித்த நொடியில் எனக்கு வரிசையாக விளங்கிவிட்டது.

“பேட்டரி தீந்துபோச்சுப்பா. அதான் தப்பா காட்டுது” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். பிறகு கைப்பிடியை விட்டார். “சரிங்க சார்” என்று எழுந்தார். அவருக்குப் புரிந்துவிட்டதா என்று அன்று முழுவதும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். புரிந்திருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். அந்த வேண்டுதலை நினைத்தால்தான் எனக்கு இப்போது மிகவும் அருவருப்பாக இருக்கிறது.

அதன் பிறகும் ஐந்து மாதம் போனது. மழை முடிந்து, தை மாதம் பாத்திகளை மிதித்துச் சீராக்கும் வேலை தொடங்கியது. ஒருநாள் உப்பளக்காரர் ஸ்கூட்டரில் வந்து ஒரு கரிந்த காயிலை என் மேசைமேல் வைத்தார்.

“இதுவும் போச்சு சார். அன்னிக்கு மாரி ஒண்ணு சுத்திக் குடுத்துடுங்க. இப்ப இருக்கறவன் நல்ல ஆளு. குச்சி கிச்சி வெக்கமாட்டான்.”

அந்தப் புது ஆளை நான் தினமும் பார்க்கிறேன். வரப்பில் விசில் அடித்துக்கொண்டு போவான். அவனுடைய பத்து விரல்களும் என் கண்முன் வந்தன.

“கடையில வாங்கிடுங்க” என்றேன்.

“ஏன், மிஷினு ரிப்பேரா?”

“ஆமா, ரிப்பேர்.”

அப்போதும் அவ்வளவுதான் சொன்னேன். அவர் போன பிறகு, பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்திருந்த பழைய காயிலை எடுத்தேன். மறுநாள் காலை அதை எடுத்துக்கொண்டு மோட்டார்க்காரர் வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் உட்கார்ந்து இடது கையால் பல் துலக்கிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். கம்பி மிச்சம் இருந்தது, தராசு, பிவிசி, பெட்டி சுட்டது, பாக்கெட்டில் போட்டது, பேட்டரி என்று சொன்னது. எதையும் விடவில்லை.

அவர் வாயைக் கொப்பளித்துத் துப்பினார்.

“அப்ப குச்சி இல்லன்னு உங்களுக்கு அன்னிக்கே தெரியும்.”

“தெரியும்.”

“எனக்கும்தான் தெரியும். எங்கிட்ட வந்து எதுக்கு சொல்றீங்க?” எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். “வாங்க. அங்க வந்து சொல்லுங்க.”

அவர் முன்னால் நடந்தார். வரப்பு வழுக்கியது, நான் இரண்டு முறை தடுமாறினேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பாத்திகளில் பத்துப் பதினைந்து பேர் சேற்றை மிதித்துக்கொண்டிருந்தார்கள். அவர் மனைவியும் அங்கே இருந்தார். கொட்டகை நிழலில் உப்பளக்காரர் நின்றார்.

நான் காயிலை உள்ளங்கையில் வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லத் தொடங்கினேன். பாதியில் உப்பளக்காரர் என் தோளைத் தொட்டார்.

“சார், வெயில்ல வந்திருக்கீங்க. உக்காருங்க மொதல்ல. ஆனது ஆச்சு, அத்த ஏன் இப்ப...”

“நான் சொல்லி முடிச்சிடறேன்” என்றேன். முடித்தேன். மிதிக்கும் கால்கள் எல்லாம் நின்றிருந்தன.

மோட்டார்க்காரரின் மனைவி சேற்றிலிருந்து ஏறி வந்தார். காயிலைக் கையில் வாங்கவில்லை, பார்க்க மட்டும் பார்த்தார்.

“இத்தினி நாளு எங்க சாரே வெச்சிருந்த இந்த வாய?”

நீட்டிய கையை இறக்கினேன்.

“தெனம் சோத்துல கைய வெக்கச்சே நான் அந்தாளத் திட்டனேன். தெனம்” என்றார். தன் புருஷன் பக்கம் திரும்ப அவரால் முடியவில்லை.

உப்பளக்காரர் தொண்டையைச் செருமினார். “சரி, காயிலு தப்புன்னே வெச்சிக்குவோம். இவன் மெயின எறக்கிட்டு கைய வெச்சிருக்கணுமா இல்லியா?”

“நீ என்னிக்கு எறக்கின?” என்று அந்த அம்மா அவரிடம் பாய்ந்தார். “போன மாசம் நீயே பெல்ட்டு மாட்டினியே, எறக்கினியா? சொல்லு.”

பாத்தியில் யாரோ ஒரு பெண், “அவரு எங்க எறக்குனாரு, வெத்தல எச்சியத்தான் எறக்குனாரு” என்றார். சிரிப்பு எழுந்தது. உப்பளக்காரர் முகம் சிவந்தது. மோட்டார்க்காரர் மட்டும் சிரிக்கவில்லை. கொட்டகைப் பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

புது ஆள் அன்று வரவில்லை. உப்பளக்காரர் யாரையும் பார்க்காமல் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். “காயிலு நேத்தே கடையில வாங்கி மாட்டியாச்சு. இன்னிக்கு ஒரு நாளு ஓட்டு. பாக்கலாம்.”

மோட்டார்க்காரர் இடது கையால் வாங்கினார். உப்புக் காற்றில் துருப்பிடித்த பூட்டு. ஒரு கையால் பூட்டைப் பிடித்தால் மறுகையால்தான் சாவியைத் திருப்ப முடியும். மிஞ்சிய இரண்டு விரல்களால் பூட்டைப் பிடித்துப் பார்த்தார், நழுவியது. மறுபடி பிடித்தார், நழுவியது. என் கை தானாக முன்னால் போனது.

“தள்ளுங்க சார்” என்றார்.

நான் தள்ளி நின்றேன். முழங்காலால் பூட்டைக் கதவோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, சாவியைத் திருப்பினார். திறந்தது. உள்ளே போனவர் முதலில் மெயினை இறக்கும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு பெட்டி மூடியைக் கழற்றும் சத்தம்.